தண்ணீரில் கீறிய கோடு

வோபர்ன், ஸ்காபரோ
ஆகஸ்ட் 9

அன்பு மகன் றொனால்டுக்கு,

ஆண்டவர் கிருபையில் இருக்கிறேன். முழங்கால்தான் படிகளோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் அப்பாவின் ஆண்டுத் திருப்பலிக்கு, பஃபலோவிலிருந்து உன் மீன்பிடி போட்டிலேயே ஏரியைக் கடந்து வந்தாய். நான் கனடாக் கரையில் கட்லட் பெட்டியோடு நின்றேன். துவக்கு, தோட்டா ஏதும் இருக்கிறதா என்று எல்லை அதிகாரிகள் கேட்டார்கள். இல்லை என்றாய். சொல்லிக்கொண்டே தூண்டில் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினாய். பிறகு அந்தப் பெண் அதிகாரி என்னிடம் திரும்பிக் கேட்டாள். பெட்டியின் அடித்தட்டில் கைத்துவக்கு இருக்கும் என்றேன்.

அதற்கு முந்தின கோடையில் அதை உன் போட்டில் கண்டு நான் பதறினேன். அமெரிக்காவில் அதற்கு லைசென்ஸ் இருக்கிறது என்றாய். கனடாப் பக்கம் வருவதானால் வீட்டில் வைத்துவிட்டு வா என்றேன். "தண்ணியில ஆர் அம்மா கோடு கீறி வச்சிருக்கினம்?" என்று சிரித்தாய்.

உன் தங்கச்சி நிரோஷினி இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. "தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்ணான்ர போட்டும் போயிராது, கேசும் வந்திராது" என்கிறாள். உண்மைதான். அப்பா இருந்திருந்தால் பேசாமல் நின்றிருப்பார். எனக்கு மடத்துச் சிஸ்டர்மார் அப்படிப் படிப்பிக்கவில்லை. சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது கட்லட் பெட்டியை உன் கையில் தர மறந்து நின்றேனே, அதற்குக் கேட்கிறேன்.

இந்த வருடம் உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று லோயர் சொன்னார். ஆகவே 23ஆம் திகதி காலை அப்பாவின் பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறுகிறேன். எழுபத்தெட்டு வயதில் தனியாகவா என்று நிரோஷினி கேட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று. பின்னேரம் நாலு மணிக்கு பஃபலோ பஸ் நிலையம்.

எல்லைப் பாலத்தில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பார்கள். மீன் கட்லட் பதினெட்டு, அப்பாவின் படம் ஒன்று, முழங்காலுக்கு எண்ணெய் என்று ஒன்றும் விடாமல் சொல்வேன். எங்கே போகிறீர்கள் என்றும் கேட்பார்கள். மகன் வந்து கூட்டிப்போவான் என்பேன்.

தேவமாதா உனக்குத் துணை நிற்கட்டும். என்னைப் பொய் சொன்னவள் ஆக்கிவிடாதே, மகனே.

செபத்தோடு,
அம்மா