கேள்வி கேட்கக் கூடாத வெள்ளிக்கிழமை

அன்பு மகன் திலீபனுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் புக்கிட் காத்திலில் நானும் தங்கச்சியும் சுகம், சரவாக்கில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அண்ணா, அம்மா சொன்னது இவ்வளவுதான். மேலே சொல்லப் போனால் சிரிப்பு வந்துவிடுகிறது, நீயே எழுதும்மா, உனக்குத்தான் கோர்வையா வரும் என்று அடுப்படிக்குப் போய்விட்டார். ஆகவே அம்மாவின் கடிதத்தை நான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் போன் லைன் அறுந்து அறுந்து வரும், இந்தக் கதை அறுபடக் கூடாது.

நம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நீங்கள் போன பிறகு மூன்று குடும்பமாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு குடும்பம் சேராவிட்டால் அடுத்த மாதம் செங் ஊர்க் கூட்டத்தோடு இணைத்துவிடுவதாகப் போதகர் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் கார் ஓட்ட நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்று அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. புதியவர்கள் வராமலில்லை, இரண்டு குடும்பங்கள் வந்தன, மறுவாரம் காணோம். காரணத்தை நான்தான் தைரியமாகச் சொன்னேன். பிச்சைமுத்து மாமா வாசலிலேயே எந்தத் தோட்டம், யார் மகன், சம்பளம் எவ்வளவு என்பார். மீனம்மா அத்தை, கல்யாணமாகி எத்தனை வருஷம், இன்னும் விசேஷம் இல்லையா என்பார். வந்தவர்கள் மூச்சு விடுவதற்குள் அம்மா, நீங்களே ஆரம்ப ஜெபம் பண்ணுங்க என்று எழுப்பிவிடுவார். அம்மா என்னை முறைத்தார், பிறகு யோசித்தார். டுரியான் துங்காலிலிருந்து நம் பின்வரிசை வீட்டுக்குக் குடிவந்த கோகுலராஜ் அண்ணனும் மோகனா அக்காவும் வரச் சம்மதித்ததும் சட்டம் போட்டார்: யாரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. மாமாவுக்கு ரோஷம், பேராச்சும் கேக்கலாம்லா என்றார். அதை நானே சொல்றேன், நீங்க வாயில மீகூன் போட்டுக்குங்க என்றார் அம்மா.

அவர்கள் வந்தார்கள். பாடினோம், வசனம் வாசித்தோம், அம்மா செய்த அரிசிச் சேமியா மீகூனைச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்படி ஓர் அமைதி! மாமா காற்றாடியைப் பார்த்துக்கொண்டே மென்றார், இரண்டு தடவை வாய் திறந்து, அம்மா கண்ணைக் கண்டு மூடினார். மோகனா அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. ஆண்ட்டி, நாங்க வந்தது பிடிக்கலையா, யாருமே எங்கள ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறீங்களே என்றார். ஐயோ, கேக்கலாமா என்று மாமா தட்டோடு எழுந்துவிட்டார்! எந்தத் தோட்டம்மா நீ? பார்த்தால், அக்காவின் அப்பா சிவசாமி, மாமாவோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர்! சம்பளக் கேள்வியும் வந்தது. உங்களுக்கு எவ்ளோ மாமா, முதல்ல நீங்க சொல்லுங்க என்றார் கோகுலராஜ் அண்ணன். மாமா உட்கார்ந்து மறுபடியும் மீகூனை வாயில் போட்டுக்கொண்டார். அத்தை மட்டும் தன் கேள்வியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார், நான் கவனித்தேன்.

ஆனாலும் மறுவாரம்தானே முக்கியம்? நேற்று எட்டு மணி தாண்டியும் ஆளில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே முதல் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் கேட் சத்தம். மோகனா அக்கா முன்னால் வர, பின்னால் கோகுலராஜ் அண்ணன், கைக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள்! போன வாரம் தங்கச்சி தரையில உட்கார்ந்துச்சுல்ல என்று அவர் என்னைக் காட்டினார். கூட்டம் முடிந்து கிளம்பினபோது அம்மா கேட்வரை ஓடி, தம்பி, நாற்காலிய மறந்துட்டீங்க என்று கத்தினார். அங்கேயே இருக்கட்டும் ஆண்ட்டி, வாரா வாரம் யாரு தூக்கிட்டு வர்றது என்றார் அவர். அப்போது தொடங்கிய சிரிப்பு, அண்ணா, இன்னும் அடுப்படியில் கேட்கிறது.

அம்மா வந்துவிட்டார். மகனே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கிறிஸ்துமஸுக்கு வரும்போது மாமா உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார், சட்டம் ரத்தாகிவிட்டது, பதிலோடு வா.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
இந்திராதேவி

சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது: தேவிஸ்ரீ