நான் விழுங்கிய ஒரு வரி

நைனா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. அடியில் உன் வேட்டி, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய உன் உயில். நீ கடைசி வரை அதை வீலுநாமா என்றுதான் சொன்னாய். நிலத்தை என் பேருக்கு மாற்ற அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், மண்டல ஆபீசில். கையில் எடுத்ததும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

எந்த நிலத்தில் கூலிக்குக் களை வெட்டினாயோ அதே நிலத்தை விலைக்கு வாங்கியவன் நீ. நிலக்காரர் பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள். வேர்க்கடலை போட அந்த வீட்டில் ஆளில்லை. நீ வாங்கிய அன்று ஊரே வாயைப் பிளந்தது. அண்ணன் குவைத்துக்குப் போன பிறகு ஓட்டு வீடு மாடி வீடானது. நிலத்தில் உன்னோடு நின்றவள் நான். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் விடிந்தால் உன் வரப்பில்தான் இருப்பேன்.

"வூடு அவனுக்கு, நெலம் உனுக்கு. நான் இருக்கசொல்லவே எய்தி வச்சிடறேன்" என்று ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நம் ஊர் ஆந்திராவில் ஆயிற்றே, பத்திரம் எழுதுபவர் தெலுங்கில் மூன்று பக்கம் எழுதி நீட்டினார். உனக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் தெலுங்குப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். "தமிழ்ல சொல்லிக்கினே வா, ஒரு வரி உடாத" என்றாய். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். நீ சொன்னபடியேதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: மகளுக்கு மஞ்சள் குங்குமத்தோடு சீர் கொடுத்து அனுப்பியாகிவிட்டது, இனி என் சொத்தில் அவளுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. நாலு பேர் நடுவில் எனக்கு நிலம் வேண்டும் என்று வாயைத் திறப்பதா? கூச்சமாக இருந்தது. அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினேன்.

நீ என் விரலைப் பிடித்து நிறுத்தினாய். "வெரலு நகந்துச்சு, வாய் அசையல. இன்னா எய்திகீது அங்க?"

சொன்னேன். எழுதியவர் சிரித்தார். "எல்லா வீலுநாமாலயும் போடற வரிதான், பெத்தாயனா. இருந்துட்டுப் போவட்டும்."

"ஊர்ல எல்லாருக்கும் எய்து. எம் பொண்ணுக்கு எய்தாத. நாளைக்கு இந்த வரியப் புடிச்சிக்கினு எவனாவது வருவான்."

மூன்று பக்கத்தையும் புதிதாக எழுத வைத்தாய். முடியும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்ததும் என்னைத் திட்டினாயே, அந்தத் திட்டு இருக்கிறதே! "வெக்கப்பட்டுக்கினு நெலத்த உட்டுடுவியா நீ?" பஸ் வரும் வரை நீ விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்தபோது முழுவதையும் அவனுக்கும் படிக்கச் சொன்னாய். கேட்டு முடித்தவன், "நெலம் முழுக்கவா, நைனா?" என்று மட்டும் கேட்டான். நீ போனை என் கையிலிருந்து வாங்கினாய். "நீ அங்க பட்ட பாடு வூடா நிக்குது. அவ பட்ட பாடு நெலத்துல கீது. இன்னா, தப்பா?" அவன் தப்பில்லை என்றான். ஆனாலும் அன்று முதல் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். நீ இல்லாத நாளில் அவன் மாற்றிப் பேசினால் என்ன செய்வேன்?

உன் காரியத்துக்கு வந்தவன், லீவை நீட்டிக்கொண்டு இன்று என்னோடு ஆபீசுக்கு வந்தான். ஆட்சேபம் இல்லை என்று எழுதிய தாளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டான். பிறகு குமாஸ்தா என் தாளை நகர்த்தினார். நான் விரலை வைத்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. "எல்லாம் சரியாத்தான் கீது, கையெழுத்துப் போடும்மா" என்றார் அவர்.

"படிக்கட்டும் சார்" என்றான் அண்ணன். "எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஒரு வரி கூட உட்டதில்ல."

உன் மகன் என்று அவனையும், உன் மகள் என்று என்னையும் நினைத்து அங்கேயே நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி வரி வரை வாய் அசைந்தது, நைனா. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.