சீ என்றால் ஓம்

தேத்தண்ணி தந்து தந்தே என்னை ஏசிய என் பிலோமினா அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கடை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அதுதான், ரோசா நிறத்தில் சங்கிலி வைத்தது. பள்ளிக்கூட மேசை லாச்சிக்குள் கிடந்தது. உங்கடை மகளிடம் கொடுக்கத்தான் எடுத்தேன். ஒருக்கால் போட்டுப் பார்த்தால் எழுத்தெல்லாம் துலாம்பரமாய்த் தெரிந்தது. மகளிடம் கேட்டேன். "நீங்களே வைச்சிருங்கோ மாமா, உங்களுக்குத்தான் வடிவாய் இருக்கு" என்றாள். உங்கடை நக்கல் அப்படியே இறங்கியிருக்கிறது. என்ரை மனுசி செல்வியைக் கேட்டால், தூரத்தில் பார்க்க நான் மடத்து மதர் மாதிரி இருக்கிறேனாம்.

வாற மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று உங்கடை பேரில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ரீச்சர்மார் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுடர், தீபம், கலங்கரை விளக்கம் என்று உங்களை விளக்கு விளக்காய்க் கொளுத்தி வைத்திருக்கிறார்கள். நான் ஐஞ்சாம் வகுப்போடு நின்றவன், எனக்கு விளக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் அதைத்தானே கேட்பீர்கள்?

நீங்கள் கண்ணை மூடின பிறகு கோயில் அறையில் கூட்டம் வைத்தார்கள். இந்த இத்தாலி ஊரில் எங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிற மூன்று இடத்துப் பள்ளிக்கூடத்தையும் இனி ஆர் பொறுப்பாய் நடத்துவது என்று கேள்வி. படித்த ஆட்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் ஒரு மூலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். "மூண்டு கதவுத் திறப்பும் ராசன்ரை இடுப்பிலைதானே தொங்குது" என்று ஆரோ சொன்னார்கள். தேர்தல் முடிந்துவிட்டது அக்கா.

படிப்பிக்கிறது ரீச்சர்மார், மற்றதெல்லாம் நான். கபோவில் கோயில் பின்னறை, வுச்சீரியாவில் மீன்கடைக்கு மேல் அறை, அல்பெர்கேரியாவில் அரசாங்கப் பள்ளிக்கூடத்து வகுப்பறைகள். கதிரை, சோக்கட்டி, கக்கூஸ், ஆர் எந்த வகுப்பு, எல்லாம் என் தலையில். சனிக்கிழமை விடிந்தால் ரெலிபோன் அடிக்கும். "அண்ணை, நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டிலை இண்டைக்கு விருந்தாம், என்னை விடமாட்டாவாம்." வீடு துடைக்கிற கையால்தானே எங்கடை ரீச்சர்மார் சோக்கட்டியும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கபோவுக்கு ஆளில்லை என்றால் வுச்சீரியாவில் இருந்து ஒருவரை எடு, வுச்சீரியா ஓட்டையை எங்கேயோ இருந்து அடை. ஒருநாள் ஒருத்தரும் கிடைக்காமல் நானே இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். சிரிக்காதேங்கோ. பிள்ளையள் என்னைத் திருத்தினார்கள், நான் அவர்களை இருத்தினேன்.

அந்த அல்பெர்கேரியா அறைகள்தான் உங்கடை உயிர் என்று எனக்குத் தெரியும். காலையில் இத்தாலி படிக்கிற அதே வாங்கில் குந்தியிருந்து பின்னேரம் தமிழ் படிக்க வேண்டும் என்பீர்கள். "பிள்ளை நினைக்கக் கூடாது தம்பி, ஒரு பாசை முன்வாசலாலை வருது, மற்றது பின்வாசலாலை வருது எண்டு." அந்தப் பள்ளிக்கூடத்து இத்தாலி ரீச்சரும் மினக்கெட்டு நின்று எங்கடை தாய்மாருக்கு இத்தாலி சொல்லிக்கொடுத்தா. இரண்டு பாசையும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது அங்கை மட்டும்தான்.

அந்த அறைகளை, அக்கா, நான் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

நீங்கள் சொல்லாமல் விடவில்லை. "தம்பி, இவையளோடை கதைக்கேக்கை தலையை ஆட்டாதையும். உமக்கு அது ஓம், அவைக்கு அது இல்லை. வாயைத் திறந்து 'சி' எண்டு சொல்லும்."

"ஐயோ அக்கா, மரியாதையான மனுசரைப் பாத்து சீ எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

"அவையின்ரை பாசையிலை அதுதானப்பா ஓம்!"

"அப்ப இத்தாலியன் கலியாணம் கட்டேக்கை பொம்பிளையைப் பாத்து சீ எண்டோ சொல்லுறவன்?"

தேத்தண்ணிக் கோப்பையால் எறியப் பார்த்தீர்கள். நான் குனிந்தேன். பகிடிதான் எனக்குள் நின்றது, புத்திமதி வந்த வழியே போய்விட்டது.

உயிர்த்த ஞாயிறுக்குக் கொஞ்சம் முந்தி, வகுப்பு முடிந்து கதிரைகளைத் தூக்கிக்கொண்டு நடையில் வருகிறேன். இரண்டு கையும் நிறைய, நாடி வரைக்கும் கதிரை. எதிரே டிரெத்ரிச்சே, அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா. "வாற வருசமும் உங்களுக்கு அறையள் வேணுமோ?" என்று கேட்டா. இது என்ன கேள்வி! நான் தலையை ஆட்டினேன். எவ்வளவுக்கு வேணுமோ அவ்வளவுக்கு ஆட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சிரித்து ஆட்டினேன்.

அவவின் முகம் வாடிப்போனது. "பெக்காத்தோ" என்றா.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். உங்களோடு கோயிலுக்கு வந்து இத்தாலிப் பூசையில் கேட்ட சொல்தான், பெக்காத்தோ என்றால் பாவம். சரி, உங்களை நினைத்து 'பாவம் அந்த மனுசி' என்கிறா என்று விளங்கிக்கொண்டேன். அதற்கும் ஒருக்கால் ஆட்டினேன். அவவோ, இந்தச் சனம் அறை வேண்டாம் என்கிறதே, பாவம் என்று நினைத்திருக்கிறா. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாவத்தைச் சுமந்துகொண்டு பிரிந்து போனோம்.

கொஞ்ச நாள் கழித்து வாசல் காவல்காரக் கிழவன் என்னைப் பிடித்தான். "நீங்கள் போறியளாமே? அந்த அறையளைக் கராத்தே மாஸ்டருக்குக் குடுக்கப் போகினமாம்."

"நாங்கள் போறம் எண்டு ஆர் சொன்னது?"

"நீர்தானாம்."

இரண்டு நாள் நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. நான் வாயை மூடினால் வீட்டில் ஏதோ செத்தவீடு என்று செல்விக்குத் தெரியும். விசாரித்து எடுத்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஊரிலை காட்டிக்குடுக்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு ஆமிக்குப் பக்கத்திலை இருந்து தலையாட்டினால் ஒரு ஆளைத்தான் பிடிச்சுக்கொண்டு போவினம். நீங்கள் முகமூடியும் இல்லாமல் ஆட்டி ஒரு பள்ளிக்கூடத்தையே அனுப்பிப்போட்டியள்."

ஊரையே பகிடி பண்ணித் திரிகிறவன் நான். அன்றைக்கு என் சாப்பாட்டுக் கோப்பையை நானே கழுவி வைத்தேன் அக்கா.

பிறகு அவளே பயிற்சியும் தந்தாள். அகப்பையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். "சோறு வேணுமோ?" தலை ஆடும். அகப்பையால் ஒரு தட்டு. "வாயைத் திறவுங்கோ!" "சி." "கத்தரிக்காய்?" "சி." "கறி நல்லாய் இருக்கோ?" "சீ!" "என்ன சொன்னனீங்கள்?" மற்றப் பக்கத்தாலும் ஒரு தட்டு.

அப்படித் தேறித்தான் டிரெத்ரிச்சேயின் அறைக்குப் போனேன். என்ரை சந்தை இத்தாலியில் எல்லாத்தையும் சொன்னேன். கதிரை, கை, தலை, பாவம். "எங்கடை நாட்டிலை இது ஓம்" என்று ஆட்டியும் காட்டினேன். அவ எழும்பிக் கிட்ட வந்தா. "இன்னொருக்கால் காட்டும்" என்றா. காட்டினேன். தானும் ஆட்டிப் பார்த்தா. காதுத் தொங்கட்டான் இரண்டும் கன்னத்தில் அடித்தது. அப்போதுதான் சிரித்தா. சிரித்து முடிந்த பிறகு மெல்லமாய் ஒன்று சொன்னா.

"சிஞ்ஞோரா பிலோமினா இல்லாத இடத்துக்கு வர உங்களுக்கு மனமில்லை எண்டு நினைச்சன். அதுதான் நான் வற்புறுத்தேல்லை."

சில சனிக்கிழமைகளில் அந்தக் கதவைத் திறக்கப் போய், உள்ளே உங்கடை சத்தம் இருக்காது என்று நினைத்து, திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு படியில் இருந்திருக்கிறேன். பிள்ளையள் வந்து "மாமா, திறவுங்கோ" என்று இழுக்கும் வரைக்கும். அது அந்த மனுசிக்கு எப்படித் தெரிந்தது? நான் ஓம் என்று ஆட்டினேன் என்றுதான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் என் தலை எனக்குத் தெரியாமல் வேறு ஏதும் சொன்னதோ, அக்கா?

அவ கதிரையில் இருந்து திரும்பக் கேட்டா. "அறையள் வேணுமோ?" "சி!" கராத்தேக்குக் கீழ் மண்டபம் போதும், மேலே எல்லாம் எங்களுக்காம். "யன்னல் எல்லாம் பூட்டிப் போவீரோ?" "சி!" "சனிக்கிழமை பிந்தாமல் திறப்பீரோ?" "சி!" கடைசியாய் நீளமாய் ஒன்று கேட்டா. கோடை விடுமுறை என்றது விளங்கியது. தர்த்தருகா என்றது விளங்கவில்லை. இஞ்சை எல்லாத்துக்கும் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும், இதுவும் அப்படி ஒன்றாக்கும் என்று நினைத்தேன். எல்லாத்தையும் விடச் சத்தமாய் "சி!" என்றேன். அவ என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினா.

விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் விட்ட அன்று காவல்காரக் கிழவன் ஒரு மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கையில் தந்தான். பாரமாய் இருந்தது. உள்ளே பிறாண்டிக் கேட்டது. திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பிள்ளையள் வளர்க்கிற ஆமை. தர்த்தருகா என்றால் அதுதானாம், கோடை முழுக்க அதை நான் பார்ப்பேன் என்றுதான் அப்படிச் சத்தமாய் 'சி' சொல்லியிருக்கிறேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று செல்வி கதவை மறித்தாள். "அது எங்கை புகுந்தது? நான்தானே தூக்கிக்கொண்டு வாறன்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள், வழி விட்டாள். இப்போது அதற்குப் பகலில் பல்கனி, இரவில் விறாந்தை.

இனி உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஓம் என்றால் வாயால் சொல்லுவேன். விளங்காததற்கு விளங்கவில்லை என்றும் சொல்லுவேன், அதை இந்த ஆமை படிப்பித்துவிட்டது. உங்கடை மூன்று கதவும் சனிக்கிழமைகளில் பிந்தாமல் திறக்கும். பூட்டுவதும் இடுப்பில் கிடக்கிற இந்தச் சாவியாலேதான் என்றாலும் எங்கடை சனம் அதற்குத் திறப்பு என்றுதானே பேர் வைத்திருக்கிறது. இனிப் படியில் இருக்க மாட்டேன். இருந்தாலும் கன நேரம் இருக்க மாட்டேன். கண்ணாடி என்னோடேயே இருக்கட்டும். சரியோ? நீங்கள் அங்கை இருந்து தலையை ஆட்டினால் போதும், எனக்கு விளங்கும்.

கூடப் பிறக்காமல் கூடக் கதிரை தூக்கிய உங்கடை தம்பி,
ராசன்

பி.கு.: பள்ளிக்கூடத்தில் மாட்டுவதற்கு உங்கடை படத்தைச் சட்டம் போட்டு எடுத்து வந்து விறாந்தையில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறோம். செல்வி நாளும் அதற்கு முன்னால் ஒரு செவ்வரத்தம்பூ வைக்கிறாள். ஆமை நாளும் அதைத் தின்கிறது. நேற்றுப் பூ வைக்கச் சுணங்கிவிட்டது. ஆமை படத்துக்கு முன்னால் வந்து காத்துக்கொண்டு நின்றது.