இருபத்து மூன்று கடிதங்களும் கிலிவோன் சந்தையும்

கரங்சாரி,
ஆகஸ்ட் 1

அன்பு மகள் பாலுப்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த மெராவ்கேயில் நீயும் உன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மூங்கில் வேலியை மாற்றிவிட்டோம், பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. நீ அனுப்பிய சட்டை எனக்குக் கொஞ்சம் பெரிது, ஆனாலும் வியாழக்கிழமை ஊர்க் கூட்டத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வேலியையும் பூனையையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெருநாளுக்கு வந்தபோது நீ என் ஊர் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஏன்பா, டச்சுக்காரன் காலத்தில் நம் ஊரில் பெண்களே இல்லையா என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? இருந்தார்கள், நாற்பத்து மூன்றாம் பக்கம் பார் என்று சொல்லிவிட்டேன். பிறகு நானே எடுத்துப் பார்த்தேன். 'பெண்கள் வழக்கம்போல் சந்தைக்குப் போய் வந்தார்கள்' என்று ஒரே ஒரு வரி. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஊர் அலுவலக வாசலில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள், சுதந்திர நாளான ஆகஸ்ட் பதினேழு திறப்பு, டச்சுக்காரனை எதிர்த்தவர்கள் என்று பதினோரு ஆண்களின் பெயர்கள், அதில் கடிதம் சுமந்தவர் என்று முதலில் நம் ஊர்த் தலைவர் சுகிமானின் தாத்தா சஸ்த்ரோ. கல் ஒருமுறை நின்றுவிட்டால் என் தப்புக்குப் பிறகு திருத்தமே கிடையாது.

எனவே, டச்சுக்காரனோடு போராடி மலைமேல் இருந்த கெரில்லாக்கள் ஊருக்கு அனுப்பிய இருபத்து மூன்று கடிதங்களையும் மறுபடி பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் வந்து சேர்ந்த தேதியும் சஸ்த்ரோவின் கையெழுத்தும் இருக்கும். புத்தகம் எழுதியபோது கையெழுத்தைப் பார்த்த நான் தேதியைப் பார்க்கவில்லை. ஜனவரி 12, பிப்ரவரி 1, பிப்ரவரி 16, மார்ச் 13. பழைய பழக்கத்தில் நம் ஐந்து நாள் சந்தைச் சுற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் அதன் கடைசி நாளான கிலிவோன். பாலத்துக்கு அப்பால் சந்தை கூடுகிற நாள், பெண்கள் அங்கே போய்வருகிற நாள். மூன்று முறை கணக்கிட்டேன், என் கணக்கை நான் நம்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இருபத்தொன்று கிலிவோன், இரண்டு மட்டும் இல்லை. அந்தக் காலத்துச் சந்தைக்காரிகளில் மிச்சமிருப்பவர் துமிரா அம்மா ஒருவர்தான், தொண்ணூற்று மூன்று வயது. தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கு இடித்துக்கொண்டே கேட்டவர், "அந்த ரெண்டு நாளும் கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போனோம் வாத்தியாரே. கூடையோட போற பொம்பளைய எவன் கேக்கறான்? நீங்களே எழுபது வருஷமா கேக்கலையே" என்றார். கடிதம் சுமந்தது நாலு பேர் என்றார். தன்னைச் சேர்த்து மூன்று பெயர் சொன்னார், நாலாவதைக் கேட்டதற்கு, "முதல்ல போய் அந்தக் கூட்டத்துல வாயத் தெறந்து பேசுங்க, அப்புறம் சொல்றேன்" என்று சிரித்தார்.

பேசினேன் மகளே. எல்லாத் தேதிகளையும் வாசித்து முடித்தேன். சுகிமானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுதினதும் நீங்க, இப்ப அழிக்கிறதும் நீங்களா? கல்லு என்ன உங்க பள்ளிக்கூடத்துப் பலகையா, துடைச்சுத் துடைச்சு எழுத?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாளாயிருந்தால் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு உட்காரவில்லை, உன் சட்டை கொடுத்த தைரியமோ என்னவோ, தப்பு என்னுடையது, அதனால் திருத்த வேண்டியவனும் நான்தான் என்றேன். அப்போது பின்பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சுகிமானின் அம்மா குவளையை வைத்துவிட்டு முன்னால் வந்தார். "என் மாமனார் தங்கமான மனுஷன், கையெழுத்துப் போட்டது அவர்தான். ஆனா அவருக்கு யானைக்கால். சந்தைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தாருன்னு கல்லு சொன்னா, தெறப்பு விழாவுல நானே சிரிச்சிடுவேன்டா" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மகன் கேட்டதற்கு, "தேநீர்ல சர்க்கரை போதுமான்னுதானே என்கிட்ட கேப்பீங்க" என்றார். பிறகு கல்லை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சஸ்த்ரோ பெயர் கடிதங்களைப் பெற்றவர் என்று மாறும், சுமந்தவர்கள் என்று நாலு பெண்கள் பெயர் மேலே வரும். கல்தச்சர் நேற்றே வேலையைத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் முடிந்த கையோடு துமிரா அம்மாவிடம் போனேன். நாலாவது பெயர் வாகியெம் என்றார். உன் பாட்டி, என் அம்மா. பனைவெல்லம் விற்கப் போகிறாள் என்றுதான் நான் வளர்ந்தேன். "பாலத்துல கூடையைத்தான் டச்சுச் சிப்பாய் கிளறுவான். கடிதம் கூடையில இல்ல, இடுப்புத் தூளியில, உங்களுக்கு அடியில. ஏழு மாசக் குழந்தை நீங்க. துணிய விலக்கிப் பார்ப்பான், நீங்க நனைச்சு வச்சிருப்பீங்க, மூக்கைப் பொத்திக்கிட்டு போ போன்னு விரட்டுவான்" என்றார். சிரித்தேன், வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை, ஊர் வரலாறு எழுதியவன்.

கொசுவலையை ஒருநாளும் மறக்காதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு, பிள்ளைகளைப் பார்க்கிற அவசரத்தில் உன் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. முடிந்தால் பதினேழாம் தேதிக்கு வா, முடியாவிட்டால் அம்மா படம் எடுத்து அனுப்புவாள். எல்லா நலமும் பெற்று, யாருக்கும் பயப்படாமல், என்னைவிடத் தைரியமாக நீ நெடுநாள் வாழவேண்டும். ஒரே ஒரு வேலை, உன்னிடமிருக்கும் பிரதியில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திற. அந்த வரியை அடிக்காதே, அவர்கள் வழக்கம்போல் போய் வந்தது உண்மைதான், கீழே நாலு பெயரை மட்டும் எழுது: துமிரா, சாத்தினா, காஸியா, வாகியெம். அடிக்குறிப்பில் 'எட்டுக் கடிதங்களில் மழைநீர்க் கறை' என்று போட்டிருக்கிறேன். அதை அடித்துவிடு. அது மழை இல்லை.

உன் அப்பா,
விராத்மோ
(வாகியெம் மகன்)