மறுபடியும் சொல்லவும்

ஜூலை 8
இன்று கல்லூரியில் ஊர் சுற்றிப் படிக்கும் வகுப்பு. பாலம், பழைய அச்சகம், நீதிமன்றம் என்று குழுவாகப் போக வேண்டும். போனில் இருக்கும் செயலி கேட்கும் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால்தான் அடுத்த இடம் திறக்கும். எனக்கு "பா"விலேயே திக்கியது. போனுக்குப் பொறுமை ஐந்து நொடிதான். "புரியவில்லை. மறுபடியும் சொல்லவும்." எத்தனை தடவை! கடைசியில் ரயில் (பேச ஆரம்பித்தால் நிற்கமாட்டாள், அதனால் கல்லூரி முழுக்க அந்தப் பெயர்) போனைப் பிடுங்கி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கா, போனுக்கா?

ஜூலை 9
பேராசிரியை கூப்பிட்டார். "உனக்கு மட்டும் டைப் பண்ற மாதிரி மாத்தித் தரேன்மா. எதுக்குக் கஷ்டப்படணும்?" நல்ல மனசுதான். "வேண்டாம் மேடம்" என்று நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். மனுஷிக்கு முடிகிறது. அந்தப் போனுக்கு என்ன கேடு?

ஜூலை 10
அக்காவும் அதே பாட்டு. "டைப் பண்ணி மார்க்கை வாங்கிட்டு வாடி. ஊரோட ஒத்துப் போ."
ஏன் போகணும்? எனக்கு வாய் இருக்கு. மெதுவாப் பேசும். அவ்வளவுதானே?

ஜூலை 13
மாட்டேன்.

ஜூலை 15
மறுபடியும் அதே வகுப்பு. அச்சக வாசல். போனை அணைத்துப் பையில் போட்டேன். அந்தக் காலத்தில் அங்கே அச்செழுத்துக் கோர்த்த பெண்கள் கூலி கேட்டு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த கதையை என் குழுவுக்குச் சொன்னேன். வரிக்கு வரி திக்கியது. ரயில் என் வார்த்தையை முடித்துவைக்க வாயெடுத்தாள். முறைத்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர், "சீக்கிரம் சொல்லும்மா, பஸ் வந்துடும்" என்றார்.
"வ... வந்தா ஏறிக்குங்க. நான் இன்னும் மு... முடிக்கல."
பஸ் வந்தது. போனது. அவர் போகவில்லை.

ஜூலை 16
மதிப்பெண்: பூஜ்யம். போனில் என் பதில் எதுவும் பதிவாகவில்லையாம். பேராசிரியையிடம் போய் நின்றேன். "நான் பேசினேன் மேடம். கா... காத்திருக்கத் தெரியாதது அதோட தப்பு."
பெருமூச்சு விட்டார். "காலையில ரயில் வந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டுப் போனா. இப்ப நீயா?"

ஆகஸ்ட் 21
முதலாண்டுக்காரர்களை நீதிமன்றத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். போனில் இப்போது நொடிக் கணக்கு இல்லை, மேடம் எடுத்துவிட்டார். பேசி முடித்தவரே பொத்தானை அழுத்த வேண்டும். ஒருத்தி பதில் வராமல் தடுமாறினாள். பக்கத்தில் இருந்தவன் எடுத்துக்கொடுக்கப் பார்த்தான்.
"அ... அவ சொல்லட்டும்" என்றேன்.
நல்ல வெயில். நின்றோம்.