ஏலத்துக்கு முந்தைய மீன்

பொழியூர்,
11.9.1996

அன்புள்ள லிஷாவுக்கு,

ஷிஜா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் பாதி பொய். அம்மாவுக்கு முட்டுவலி, ஆனாலும் மீன்கூடையோடு உதியன்குளங்கரைச் சந்தை வரை போய்வருகிறாள். எனக்கு உன்மேல் பொறாமை. இரண்டுக்கும் மருந்து கிடைக்கவில்லை.

எம்.எஸ்ஸி.யில் உன்னைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். ஆனால் பல்கலைக்கழக மீன் ஆய்வில் உதவியாளர் வேலை உனக்கு. நேர்முகத்தில் கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள்; தொட்டதில்லை என்றேன். புள்ளியியல் கேட்டார்கள், விழித்தேன். உன் அப்பா சத்தியராஜ் சார் நெய்யாற்றின்கரையில் உன்னை முன்பே வகுப்பில் சேர்த்திருந்தார். எங்கள் வீட்டில் அப்படியொரு வகுப்பு இருப்பதையே யார் சொல்வார்கள்? மீனை இனம் பிரிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும், மீன் நாற்றம் பழக்கம்தானே என்று ஒருவர் சிரித்தார். வெளியே வந்து உன்னிடம் சொன்னேன். நீயும் சிரித்தாய்.

போன மாதம் எங்கள் கரையில் நான்கு நாள் கணக்கெடுத்தாய். ஏலக்காரர் பக்கத்தில் நின்று, ஏலம் போன கூடைகளை மட்டும் எழுதினாய். கரைமடி வலையைக் கரையில் நின்று இழுத்தவர்கள் ஏலத்துக்கு முன்பே ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக் கறிக்கு எடுத்துப்போவது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். தவறாகவே எழுதட்டும் என்று வாய் திறக்கவில்லை.

நீ போன அன்று சோறு தின்னும்போது கறிக்கு எடுத்த மீனையும் லிஷா எழுதினாளா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ நாம திங்கியது எந்தக் கடல்ல உள்ளதாக்கும், மக்கா?" என்றாள்.

மறுநாள் முதல் பன்னிரண்டு நாள் தராசோடு கரையில் நின்றேன். மடிக்குத் தலைவரான பத்ரோஸ் மாமா, "எலே, பெர்த்தாவுக்க மவ நம்மள கள்ளன் ஆக்குதா" என்று அம்மா பெயரைச் சொல்லி எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அவரே ஆட்களைத் தராசு முன் வரிசையில் நிறுத்தினார். ஆறில் ஒரு பங்கு மீன் உன் கணக்கில் இல்லை, லிஷா. பெரும்பாலும் சாளையும் நெத்தோலியும். உன் அறிக்கையில் எங்கள் வயிறே இல்லை.

இம்மாதக் கடைசியில் அதைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலையை நீட்டிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நான் பேசாமலிருந்தாலே போதும், தவறு பிடிபட்டு, வேலை போய் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். என் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பல நாள் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பன்னிரண்டு நாள் கணக்கின் நகலை இதனோடு வைத்திருக்கிறேன். கூட்டலை மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஸ்டாண்டர்டு டீவியேஷன் மட்டும் நீ போடு. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போடும் விதத்தையும் எழுதி அனுப்பு.

கணக்கெடுத்தது யார் என்று உன் பேராசிரியர் கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரமாட்டேன். என் பெயர் உனக்குத் தெரியும்.

உன் வேலை நிலைக்க மாதாவிடம் வேண்டுகிறேன். முழு மனதோடு அல்ல. ஆனாலும் தினமும் வேண்டுகிறேன்.

பி. ஷிஜா, எம்.எஸ்ஸி.