பிற்பகலில் சேர்ந்தவன்

நான் தா. ஞானப்பிரகாசம், வயது ஐம்பது, நம் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தியை எழுத்தில் பதிவு செய்வதே இந்த மடலின் நோக்கம். காதல் கடிதம் எழுதினாலும் ‘பொருள்’, ‘பார்வை’ என்று இரண்டு வரி போட்டுத்தான் நான் தொடங்குவேன் என்று கேலி செய்வாய். இதில் அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை உன் மனைவி தொலைபேசியில் அழைத்தார். “அவரு போனதுலேர்ந்து மூணு வருஷமா அலமாரியத் தொறக்கவே மனசு வரலைங்க. டிபார்ட்மெண்ட் லைப்ரரிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. படிக்கிற பிள்ளைங்களுக்காவது ஆகட்டும்” என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துறை அறையில் முதல் பெட்டியைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை எழுந்தது. ஆற்றங்கரை வீட்டில் புத்தகத்துக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்று அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் நான்கு உருண்டை போட்டு வைத்திருப்பாய். வகுப்புக்கு நீ வருவதற்கு முன் அந்த வாசனை வந்துவிடும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதி வந்தேன். பதினேழாவது, நாம் இருவரும் பல ஆண்டுகள் நடத்திய அந்த ஆங்கிலத் துன்பியல் நாடகம். முதுகு பிய்ந்து, ஒட்டுநாடா போட்ட உன் பிரதி. அதன் மூன்றாம் அங்கத் தொடக்கத்தில், பக்கத்தின் ஓரத்தில், உன் பென்சில் எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. அதன்பின் பதினெட்டாவது புத்தகத்தை என்னால் பதிய முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு வருவதற்கு முன் நடந்ததை வரிசைப்படி சொல்ல வேண்டும்.

நாம் பணியில் சேர்ந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கல்லூரிப் படிக்கட்டில் நாம் ஏறும்போதே, பொருளியல் துறையில் அன்று சேர்ந்த அம்மையார் கையெழுத்திட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். உன் பணியேற்புக் கடிதத்தைப் பத்து மணிக்கு வாங்கிக்கொண்டார்கள். என் கடிதத்தை வாங்கவில்லை. சான்றிதழ் நகல்களில் சான்றொப்பம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். விதிகளில் தவறாதவன் என்று பெயரெடுத்த நான் அன்று அதைக் கவனிக்காமல் வந்திருந்தேன். உன் வேலை முடிந்துவிட்டது. நீ வகுப்புக்குப் போயிருக்கலாம். “வாய்யா, திருவானைக்காவல்ல எனக்குத் தெரிஞ்ச மாட்டு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. பச்சை இங்க்ல கையெழுத்துப் போடுவாரு” என்று என்னை உன் மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டாய்.

அந்த மருத்துவர் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். “பேஷண்ட் யாரு?” என்றார். நீ சிரிக்காமல் என்னைக் கைகாட்டினாய். அவரும் சிரிக்காமல் ஐந்து நகல்களில் கையெழுத்திட்டார். நாம் திரும்பி வந்தபோது மணி இரண்டு. பன்னிரண்டரைக்குப் பின் சேர்பவர் பிற்பகலில் சேர்ந்தவர் என்பது விதி. என் கடிதத்தில் ‘இன்று பிற்பகல் பணியேற்றேன்’ என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஆகவே பணிமூப்பில் நீ எனக்கு அரை நாள் மூத்தவன். அதைச் சொல்லி நீ ஒரு முறையும் பெருமைப்பட்டுக்கொண்டதில்லை.

பிறகு அந்த நாடகத்துக்கு வந்தோம். முதல் இரண்டு அங்கங்கள் எனக்கு, மற்றவை உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். மன்னனைச் சுற்றியிருக்கும் பிரபுக்களில் மூவரைப் பற்றியே நம் வாதமெல்லாம் இருக்கும். ஒருவன், குறி சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னனைக் கொன்று முடிசூடுகிறான். இன்னொருவன் அந்த முடிசூட்டு விழாவுக்கே போகாமல் விலகி, நாட்டைவிட்டு நீங்கி, உரிய வாரிசுக்காகத் திரும்பி வந்து போரிடுகிறான். மூன்றாமவன், குறி சொல்லப்பட்டபோது உடன் நின்றவன். கொன்றது யார் என்று ஊகித்தவன். அப்படியும் வாய் திறக்காதவன். அவனுடைய சந்ததிக்கும் முடி உண்டு என்று அதே குறியில் சொல்லப்பட்டிருந்தது.

‘இப்பிரபுக்களிடையே விசுவாசத்தையும் பேராசையையும் ஒப்பிடுக’ என்ற வினா ஏறக்குறைய ஆண்டுதோறும் வரும். விடைக்குறிப்பை நான் தயாரிப்பேன். இடப்பக்கம் விசுவாசம், வலப்பக்கம் பேராசை, நடுவில் அடிக்கோல் வைத்து இழுத்த கோடு. மூன்றாமவனை விசுவாசத்தின் கீழ் எழுதியிருந்தேன். அவன் யாரையும் கொல்லவில்லை, பொய் சொல்லவில்லை, மௌனம் எந்த விதிப்படியும் குற்றமாகாது என்பது என் வாதம். நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பத்திக்கும் நடுவுல ஒரு கோடு போட்டிருக்கியே, அது மேலதான்யா அவன் நிக்கிறான்” என்றாய். யாராவது கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான் என்றேன். “யாரு கேக்கப் போறா? இருக்கிற ஒரே சாட்சி அவன்தானே.”

அத்துடன் நீ விடவில்லை. நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்பதைப் பிடித்துக்கொண்டாய். “உங்க பூசையில எல்லாரும் எழுந்து நின்னு ‘விசுவசிக்கிறேன்’னு சத்தமாத்தானே சொல்றீங்க? மனசுக்குள்ள வெச்சுக்கிட்டா போதும்னா எதுக்கு எழுந்து நிக்கிறீங்க?” என்று கேட்டாய். இலக்கியத்தில் வரும் விசுவாசம் வேறு, சமயத்தில் வரும் விசுவாசம் வேறு என்று அகராதியைக் காட்டி விளக்கினேன். அகராதியில் அப்படித்தான் இருந்தது.

பேராசை என்ற சொல்லையும் நீ விட்டுவைக்கவில்லை. ஆசைப்படுகிறவர்கள் எல்லாரையும் வலப்பக்கத்தில் தள்ளாதே என்றாய். ஆசைப்படுவதில் தவறில்லை, அது பேர் மேல் ஆசையாகும்போதுதான் பேராசை என்று நீ ஒரு பொருள் சொன்னாய். இலக்கணப்படி அது தவறு என்று நான் திருத்தினேன். நீ ஒப்புக்கொண்டு, அடுத்த வகுப்பில் போய் அதையே சொன்னாய்.

உனக்கும் துறைத் தலைவராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை நீ மறைத்ததில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு, சனிக்கிழமைகளில் அந்த நாடகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி வாய்விட்டு வாசிக்கும் வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்பது உன் திட்டம். தலைவரானால் முதல் வேலை அதுதான் என்பாய்.

அப்போதிருந்த தலைவர் ஓய்வுபெறும் ஆண்டில் பணிமூப்புப் பட்டியல் சுற்றுக்கு வந்தது. பழைய பதிவேடு நைந்துவிட்டதால் அலுவலகத்தில் புதிதாக எழுதியிருந்தார்கள். எழுதியவர் நம் இருவர் பெயருக்கும் நேரே ‘மு.ப.’ என்று போட்டிருந்தார். ஒரே நாளில் ஒரே வேளையில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவரே முன்னவர். நான் உனக்கு நான்கு மாதம் மூத்தவன். எனவே என் பெயர் மேலே இருந்தது. ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு அடியில் ஒரு குறிப்பு.

அந்த ‘மு.ப.’வை நான் கவனித்தேன். எத்தனை நொடிகள் கவனித்தேன் என்றுகூட என்னால் சொல்ல முடியும்; ஆனால் அது இப்போது பயன்படாது. சுற்றறிக்கையின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, வழக்கம்போல் அதன் கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்தேன். பிழை அலுவலகத்தினுடையது, நான் எதையும் பொய்யாக எழுதவில்லை, ஆட்சேபிக்கும் உரிமை உனக்கும் இருக்கிறது. இந்த மூன்று காரணங்களையும் அப்போதே மனத்தில் வரிசையாக வைத்துக்கொண்டேன். பதினைந்து நாட்களும் அவற்றை மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

அடுத்த கையெழுத்து உன்னுடையது. தாளைப் பார்த்தாய், கையெழுத்திட்டாய், பேனாவை மூடினாய். வெளியே வந்ததும், “தலைவரே, டீ வாங்கித் தருவீங்களா?” என்றாய். கூடப் படித்த இருபது வயதிலிருந்து என்னை ‘வாய்யா போய்யா’ என்றவன், அன்று முதல் முறையாக ‘ங்க’ போட்டாய். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

தலைவரானபின் உன் சனிக்கிழமை வகுப்புக்கான விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. கால அட்டவணையில் அதற்கு வழியில்லை என்று எழுதித் திருப்பினேன். நீ இரண்டாம் முறை விண்ணப்பிக்கவில்லை.

உன் கடைசி ஆண்டில் வாரம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அரைநாள் விடுப்புக் கடிதத்தை நீயே நீட்டுவாய். “முற்பகல எடுத்துக்கிறேன் தலைவரே. பிற்பகல்ல வந்து சேந்துக்கிறேன்” என்பாய், உதட்டோரச் சிரிப்புடன். நோயின் களைப்பை மறைக்கும் சிரிப்பு என்று எண்ணி ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்டேன். முற்பகலையும் பிற்பகலையும் சேர்த்துச் சொல்லும் பழமொழி ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நீ அதை ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை.

இனி அந்தப் பென்சில் சொல். மூன்றாம் அங்கம் தொடங்கும்போது அந்த மூன்றாமவன் தனியாக நின்று, முடி எப்படி வந்தது என்று தனக்குத் தெரியும் என்கிறான். தன் பங்குக்குச் சொல்லப்பட்டதும் பலிக்கக்கூடும் அல்லவா என்று நினைக்கிறான். எக்காளம் ஒலித்ததும் வாயை மூடிக்கொள்கிறான். அந்தப் பேச்சுக்கு நேரே, ஓரத்தில், நீ எழுதியிருந்தது: ‘பார்த்தேன்’. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழ் இரண்டு புள்ளிகள்.

ஆக, உனக்குத் தெரியும். பட்டியலில் கையெழுத்திட்ட அன்றே தெரிந்திருக்கிறது. என்னைத் திருவானைக்காவலுக்கு ஏற்றிச் சென்றவனுக்கு நான் எந்த வேளையில் சேர்ந்தேன் என்பது தெரியாமலிருக்கும் என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். நம்பினேன் என்பதுகூடச் சரியான சொல் அன்று. அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

உன்னை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். உன் இடத்தைக் கேட்டுப் பெற உனக்கு உரிமை இருந்தது, கேட்கவில்லை. அதற்காக நீ கோட்டின் மேல் நின்றவனும் அல்லன். உன் மௌனத்தால் உனக்கு எந்தப் பங்கும் வரவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாய் என்றே இப்போது படுகிறது. பதினைந்து நாட்கள் என்பது அலுவலகத்தின் கெடு. நீ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தாய். உன்னைப் போன்ற ஒரு பிரபு அந்த நாடகத்தில் இல்லை. அதனால்தான் என் விடைக்குறிப்பில் உனக்கு இடம் கிடைக்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மறுபடியும் பாதி சொன்னவனாவேன். கல்லூரி முதல்வர் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். தகுதி வரிசையில் முன்னால் இருப்பவர்கள் இருவர்: நானும், அன்று படிக்கட்டில் இறங்கி வந்த பொருளியல் துறை அம்மையாரும். அவர் முற்பகலில் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பதிவேட்டில் நான் ‘மு.ப.’ என்றிருக்கும்வரை வயதால் நான் முன்னவன். ‘பி.ப.’ ஆனால் அவர் முன்னவர். என் பணிவிவரங்கள் அனைத்தும் சரியானவை என்று நான் உறுதிமொழி தர வேண்டிய படிவம் திங்கட்கிழமை முதல் என் மேசையில் இருக்கிறது. அலுவலகக் கண்காணிப்பாளர் நேற்றும் வந்து, “ஒரே ஒரு கையெழுத்துதான் சார். பாத்துட்டுப் போட்டுக் குடுத்துடுங்க” என்றார்.

முதல்வர் பதவியை நான் விரும்பவில்லை என்று எழுதினால் அது பொய். அறை வாசலில் என் பெயர்ப்பலகை எந்த எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறேன். பேராசைக்கு நீ சொன்ன பொருள் இலக்கணப்படி தவறு என்று இப்போதும் சொல்வேன். என்னளவில் அது சரி. திருத்தம் கோரினால் பன்னிரண்டு ஆண்டுகளாக வகித்த தலைவர் பதவி குறித்தும் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். இவற்றில் எதுவும் உனக்கு அந்தப் பதவியையோ அந்தச் சனிக்கிழமைகளையோ திருப்பித் தராது என்பதும் தெரியும்.

என் பணியேற்புக் கடிதத்தின் நகல் என் கோப்பில் இருக்கிறது. ‘பிற்பகல்’ என்ற சொல் தெளிவாகவே உள்ளது. நாளை காலை பத்து மணிக்கு, நீ உன் கடிதத்தைக் கொடுத்த அதே மேசையில், பதிவேட்டைத் திருத்தக் கோரும் கடிதத்தை நேரில் கொடுத்து ஒப்புகை பெறுவேன். உறுதிமொழிப் படிவத்தைக் கையெழுத்திடாமல் அதனுடன் திருப்பித் தருவேன். மாலையில் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போய், உன் மனைவியிடம் இதைச் சொல்வேன். அதன்பின் வந்து பதினெட்டாவது புத்தகத்திலிருந்து பதிவைத் தொடர்வேன். பதினேழாவதை மட்டும் நூலகத்துக்குத் தரப்போவதில்லை.

கடிதத்துடன் இணைக்கும் நகலுக்குச் சான்றொப்பம் வேண்டும். இப்போது விதி மாறிவிட்டது. பச்சை மை தேடி யாரும் யாரையும் வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. ‘உண்மை நகல்’ என்று நானே எழுதி, நானே கையெழுத்திட்டால் போதும். நாளை முற்பகல் அதைச் செய்கிறேன்.